'மீக்' என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மாணவன் ஒருவன் வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டான். 'ஹீ இஸ் மீக் அண்ட் ஒபீடியன்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், மீக்குங்கிற வார்த்தையை மட்டும் மாத்தித் தர முடியுமா?" என்றான். எனக்கு மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. பைபிளில் இயேசுவின் மலைப் பிரசங்கத்தில் 'பாக்கியவான்கள்' என்று சொல்லப்பட்டவர்களைக் குறிக்கும் சொல் எப்படித் தப்பாகும்? பெண்பிள்ளைகளின் நடத்தைச் சான்றிதழில் இத்தனை காலமும் அதைத்தான் எழுதிவருகிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எப்போது கெட்டுப்போனது, அதற்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று சொல்வீர்களா? பையன் உண்மையிலேயே சாந்தமானவன். ஒருமுறை லேபில் பியூரெட் என்ற கண்ணாடி அளவுக்குழாய் உடைந்து பழி இவன்மேல் விழுந்தது. சத்தம் போடவில்லை. மறுநாள் லேப் பதிவேட்டை லேப் ஆசிரியரிடம் கொண்டுவந்து, அந்த நேரத்தில் தான் வேறு மேசையில் இருந்ததைக் காட்டினான். "அப்போ உடைச்சது யாரு?" என்று கேட்டதற்கு, "அவனே வந்து சொல்லட்டும் சார்" என்று மட்டும் சொன்னான்.

பதில்:

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மொழிபெயர்ப்பதும் இம்மாதிரிக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதும்தான் என் தொழில் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன்: கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைப் படிப்பவர் மலைப் பிரசங்கத்தை நினைத்துக்கொண்டு படிக்க மாட்டார். வகுப்பில் வாயே திறக்காதவன், யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவன் என்றுதான் அவர் மனத்தில் பதியும். நீங்கள் சொல்லவந்ததோ அதற்கு நேர் எதிரானது.

இன்று மாணவர்கள் கையாளும் ஆங்கில அகராதிகளில் 'மீக்' என்ற சொல்லுக்கான விளக்கம் 'அமைதியான' என்று தொடங்கி, தன் கருத்தைச் சொல்லாமல் பிறர் விருப்பத்துக்கு இணங்கிப்போகிறவர் என்று முடியும். வெப்ஸ்டர் அகராதி இரண்டு பொருளையும் அடுத்தடுத்து வைக்கிறது. தனக்கு இழைத்த தீங்கைப் பொறுமையோடும் கசப்பில்லாமலும் தாங்குகிறவர் என்பது ஒன்று. ஊக்கமும் துணிவும் குறைந்தவர் என்பது அடுத்தது. செய்தித்தாள்கள் இந்த இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டன. ஓர் அணி எதிர்த்து நின்று ஆடாமல் மளமளவென்று விக்கெட்டுகளைக் கொடுத்துத் தோற்றால், மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் 'மீக் சரண்டர்' என்று போட்டிருப்பதை உங்கள் மாணவன் பலமுறை பார்த்திருப்பான். அவன் காதில் அந்தச் சொல் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

ஆனாலும் நீங்கள் வருத்தப்பட்டதில் காரணம் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு நல்ல குடிப்பிறப்பு உண்டு.

அதன் வேர் பழைய நார்ஸ் மொழியில், அதாவது டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பக்கத்தவர்கள் பேசிய பழைய மொழியில் இருக்கிறது. அங்கே 'ம்யூக்ர்' என்றால் மென்மையான, வளைந்துகொடுக்கிற என்று பொருள். துணி, தோல், ரொட்டி என்று தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களுக்குச் சொல்லும் சாதாரணச் சொல். ஸ்வீடன்காரர்கள் இன்றும் மெத்தென்ற தலையணையை 'ம்யூக்' என்கிறார்கள். கணினி மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ம்யூக்வாரா'. பணிவானவர் என்பதற்கு அங்கே வழங்கும் சொல்லின் பின்பாதியிலும் இதே 'ம்யூக்' உட்கார்ந்திருக்கிறது. 865இல் டேனியர்களின் பெரும்படை கிழக்கு இங்கிலாந்தில் வந்திறங்கியது. கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறிவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொற்கள் ஏராளம். ஸ்கை, எக், நைஃப், வின்டோ மட்டுமல்ல, நீங்கள் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொடுக்கும் 'தே', 'தெம்' கூட அவர்கள் தந்தவைதான். கோபத்தைக் குறிக்கும் 'ஆங்கர்' என்ற சொல்லும் அதே மூட்டையில் வந்தது. நார்ஸில் அதற்குத் துயரம், வேதனை என்று பொருள். கோபத்துக்கும் சாந்தத்துக்கும் ஆங்கிலம் ஒரே வீட்டில் கடன் வாங்கியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

எழுத்தில் இந்தச் சொல் தென்படத் தொடங்குவது 1200ஐ ஒட்டி. மிகப் பழைய சான்றுகள் சிலவற்றைத் தருபவர் ஓர்ம் என்ற துறவி. அகஸ்டின் சபையைச் சேர்ந்தவர், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கத்தவர். அவர் பெயரே நார்ஸ் பெயர். லத்தீன் தெரியாத சாதாரண மக்களுக்காகச் சுவிசேஷப் பகுதிகளை ஆங்கிலச் செய்யுளில் விளக்கி எழுதி, அதற்குத் தன் பெயரையே 'ஓர்முலம்' என்று வைத்தார். அவர் எழுத்தில் நம் சொல் 'மெயோக்'. ஆகவே, நீங்கள் இந்தச் சொல்லை வேதத்தோடு சேர்த்து நினைப்பது ஏறக்குறைய 800 ஆண்டுப் பழக்கம்தான். ஆங்கில ஆசிரியை என்பதால் இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும்: குறுகிய உயிரொலிக்குப் பின்னால் வரும் மெய்யெழுத்தை ஓர்ம் விடாப்பிடியாக இரட்டித்து எழுதினார். வாசிக்கிறவர்கள் உச்சரிப்பில் தடுமாறக் கூடாதே என்ற அக்கறை. அந்தக் கால ஆங்கிலம் எப்படி ஒலித்தது என்று ஆராய்கிறவர்களுக்கு அந்தப் பிடிவாதம் இன்றைக்கும் உதவுகிறது.

இனி, பழைய எழுத்துகளில் இந்தச் சொல்லும் இதன் கூட்டாளிகளும் யாரைப் பற்றிச் சொல்லப்பட்டன என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

'மைல்ட்' என்பது நார்ஸ்காரர்கள் வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்த சொல். ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் படியெடுத்த ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கும் பழம்பெரும் காவியம் 'பேயோவுல்ஃப்'. அதன் நாயகன் கிரென்டல் என்ற அரக்கனின் கையைத் தோளோடு பிய்த்தவன், முதிய வயதில் டிராகனோடு பொருது மாண்டவன். காவியத்தின் கடைசி வரிகளில் அவன் மக்கள் அவனை எப்படிப் புகழ்கிறார்கள் தெரியுமா? உலகத்து அரசர்களிலேயே மிக 'மைல்ட்' ஆனவன், மிகக் கனிவானவன், குடிமக்களிடம் மிக அன்பானவன், புகழை மிகவும் விரும்பியவன். இன்றைக்கு நாம் இருமலுக்கும் குருமாவுக்கும் போடும் சொல், அன்று ஒரு வீரனின் கல்லறை மேட்டில் சொல்லப்பட்டது.

அடுத்து 'மீக்'. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'கான்டர்பரி கதைகள்' முன்னுரையில் ஒரு போர்வீரர் வருகிறார். உயிரைப் பணயம் வைக்கும் போர்கள் பதினைந்தில் நின்றவர். பயணத்துக்கு வந்திருக்கும்போதுகூட அவர் உடுத்தியிருக்கும் முரட்டுத் துணிச் சட்டையில் இரும்புக் கவசத்தின் கறை படிந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் சாசர், நடத்தையில் ஒரு கன்னிப்பெண்ணைப் போல 'மீக்' என்கிறார். ஆயுளில் ஒருமுறைகூட, எவரிடமும், தரக்குறைவாக ஒரு வார்த்தை பேசாதவர் என்று உடனே விளக்கியும் விடுகிறார். அந்த விளக்கத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். அவர் வாய்மூடியாக இருந்தார் என்று அங்கே எங்கும் இல்லை. தனக்குக் கீழே இருப்பவரிடமும் வார்த்தையை அளந்து பேசினார் என்றுதான் இருக்கிறது.

இன்னும் இரு நூற்றாண்டு தள்ளி, 1606 வாக்கில், ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'. அரசன் டங்கனைக் கொல்லலாமா என்று மேக்பெத் தனியே நின்று குமைகிறான். கைக்குத் தடையாக நிற்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணும்போது, இந்த டங்கன் தன் அரச அதிகாரத்தை எவ்வளவு 'மீக்' ஆகக் கையாண்டிருக்கிறான், இவனைக் கொன்றால் இவனுடைய நற்குணங்களே எக்காளம் ஊதுமே என்று நடுங்குகிறான். மணிமுடி சூடியவனைப் பற்றிச் சொல்லும் சொல்லாக அது அங்கே நிற்கிறது.

மூன்று இடத்திலும் பாராட்டப்படுகிறவர் கையில் வாளோ செங்கோலோ இருக்கிறது. அடிக்க முடிந்தவர், அடிக்காமல் இருக்கிறார். அதற்குத்தான் அந்தப் பெயர்.

அதற்காக அந்தச் சொல்லுக்கு வெள்ளையடிக்கவும் கூடாது. எதற்கும் பணிந்துபோகிற என்ற பொருளும் 1300ஐ ஒட்டியே முளைத்துவிட்டது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தே குடித்தனம் நடத்தின. ஷேக்ஸ்பியரே 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில், இந்தக் கசாப்புக்காரர்களிடம் நான் 'மீக்' ஆக நடந்துகொண்டதை மன்னித்துவிடு என்று சீஸரின் பிணத்திடம் ஆன்டனியை மன்றாட வைக்கிறார். அங்கே அது வெட்கப்பட வேண்டிய குணம்.

பைபிளுக்கு வருகிறேன். மத்தேயு 5:5இன் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ப்ராயூஸ்' என்ற சொல்லின் பன்மை. அது 37ஆம் சங்கீதத்தின் 11ஆம் வசனத்தை எதிரொலிக்கிறது. அங்கே எபிரேயத்தில் உள்ள சொல்லுக்கு ஒடுக்கப்பட்டவர், எளியவர் என்ற நிழலும் உண்டு. அதே 'ப்ராயூஸ்' மத்தேயு 21:5இல் மறுபடி வருகிறது, எருசலேமுக்குள் கழுதைமேல் ஏறிவரும் ராஜாவைக் குறித்து. நம் தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் 'சாந்தகுணம்' என்றே வைத்திருப்பதை நீங்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எளியவருக்கும் ராஜாவுக்கும் ஒரே சொல்.

அந்தக் கிரேக்கக் குணத்தை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் 4ஆம் பகுதியில் நன்றாக விரித்துப் பேசியிருக்கிறார். தக்க காரணத்துக்கு, தக்க ஆளிடம், தக்க விதத்தில், தக்க நேரத்தில், தக்க அளவு நேரமே கோபப்படுகிறவரைத்தான் அவர் சாந்தமானவர் என்று பாராட்டுகிறார். கோபமே வராதவரை அவர் பாராட்டவில்லை, குறைதான் சொல்கிறார். தன்னை அவமதித்தாலும், தன்னைச் சேர்ந்தவர்களை அவமதித்தாலும் பொறுத்துப்போவது அடிமைத்தனம் என்று கடுமையாகவே எழுதுகிறார். உங்கள் மாணவன் எந்தப் பெயரைக் கண்டு பயந்தானோ, அதை அரிஸ்டாட்டிலும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் இந்த வசனத்தில் ஒரே சொல்லோடு நின்றுவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் என்ற சமயச் சீர்திருத்தவாதியின் வழிவந்தவர்கள் லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தபோது 'மைல்ட்' என்று போட்டார்கள். 1526இல் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த டின்டேல் 'மீக்' என்றார். 1611இன் கிங் ஜேம்ஸ் பதிப்பு அதையே வைத்துக்கொண்டது, அதனால்தான் அது உங்கள் காதிலும் என் காதிலும் தங்கியிருக்கிறது. 1961இல் வெளியான நியூ இங்கிலிஷ் புதிய ஏற்பாடும், 1966இன் ஜெருசலேம் பைபிளும் 'ஜென்டில்' என்று மாற்றிக்கொண்டன. குட் நியூஸ் பைபிள் 'ஹம்பிள்' என்றது. படிக்கிறவர் காதில் 'மீக்' தவறாக விழுகிறது என்று அவர்களுக்கும் பட்டிருக்க வேண்டும். தமிழிலும் இதே நகர்வு நடந்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'கனிவுடையோர் பேறுபெற்றோர்'. வேதாகம மொழிபெயர்ப்பாளர்களே மாற்றிய சொல்லை நீங்கள் ஒரு கல்லூரிக் கடிதத்தில் மாற்றுவதால் வேதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

எப்போது கெட்டது என்று கேட்டீர்கள். ஒரு தேதியைச் சொல்ல முடிகிற விஷயம் இல்லை இது. என் கணிப்பு இதுதான்: கையில் அதிகாரம் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்ன அறிவுரை, காலப்போக்கில் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் சொல்லும் அறிவுரையாகத் திரும்பிவிட்டது. வேலைக்காரர்கள், மனைவிமார்கள், பிள்ளைகள். 1742இல் சார்லஸ் வெஸ்லி எழுதிய குழந்தைகள் பாடலின் முதல் வரியே ஜென்டில், மீக், மைல்ட் மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது. நல்ல பாடல்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் படுக்கையறையில் பாடிப் பாடி, அந்த மூன்று சொற்களும் பால்மணம் மாறாதவர்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. இவற்றில் 'ஜென்டில்' மட்டும் தப்பித்தது. அது லத்தீனில் குலம் என்று பொருள்படும் 'ஜென்ஸ்' என்பதிலிருந்து புறப்பட்டு, பிரெஞ்சில் உயர்குடிப் பிறந்தவர் என்று ஆகி, அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட நயமான நடத்தையைக் குறிக்க வந்த சொல். ஜென்டில்மேன் என்பதில் அந்த மிடுக்கு இன்னும் இருக்கிறது. இன்றும் ஒரு டாக்டரையோ பல் பிடுங்குகிறவரையோ 'ஜென்டில்' என்று சொன்னால், வலிக்கச் செய்ய முடிந்தவர் வலிக்காமல் செய்கிறார் என்ற எண்ணம் கூடவே வருகிறது.

இப்போது கடிதம். 'மீக்' போவதோடு 'ஒபீடியன்ட்' என்பதையும் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் லீவ் லெட்டரின் அடியில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' எழுதிப் பழகியதால் நமக்கு அது உறுத்துவதில்லை. சொந்தமாக யோசிக்கிற மாணவனைத் தேடும் கல்லூரிக்கு அது ஒன்றும் சொல்வதில்லை, சில சமயம் குறையாகவும் படுகிறது. 'டோசைல்' பக்கமே போகாதீர்கள். லத்தீனில் கற்பித்தல் என்ற வேரிலிருந்து வந்து, எளிதில் கற்றுக்கொள்கிறவன் என்று நல்ல பொருளில் தொடங்கிய சொல்தான். இன்று பழக்கிய மாட்டுக்குச் சொல்வதுபோல் இருக்கிறது. 'சாஃப்ட்' என்பதும் வேண்டாம். "அவன் ரொம்ப சாஃப்ட்" என்று நாம் பாராட்டாகச் சொல்கிறோம், ஆங்கிலேயர் காதில் அது உறுதியற்றவன் என்றே கேட்கும். 'சாஃப்ட்-ஸ்போக்கன்' சரி, ஆனால் அது குரலைப் பற்றி மட்டுமே பேசும். உங்கள் பையனுக்கு மிகப் பொருந்துவது 'ஈவன்-டெம்பர்ட்', எளிதில் நிதானம் இழக்காதவன். கூட 'கன்சிடரேட்' சேர்க்கலாம், பிறரை எண்ணிப் பார்க்கிறவன்.

இந்த இரண்டையும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உரிச்சொற்கள் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். உங்களிடம் பியூரெட் இருக்கிறது. அதை எழுதுங்கள். இப்படி அமைத்தால் போதும்: 'ஆய்வகத்தில் ஒரு கருவி உடைந்தபோது பழி தவறாக இவன்மேல் விழுந்தது. அப்போது குரலை உயர்த்தவில்லை. மறுநாள் பதிவேட்டோடு ஆசிரியரிடம் வந்து, அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தேன் என்பதைக் காட்டினான். உடைத்த மாணவனின் பெயரைச் சொல்லக் கேட்டபோது, அது அவன் தானே வந்து சொல்ல வேண்டியது என்று மறுத்துவிட்டான்.' இதை அப்படியே எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஆதாரம் கையில் இருந்தும் அவன் அதைத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே பயன்படுத்தினான், இன்னொருவனை மாட்டிவிடப் பயன்படுத்தவில்லை. சாசரின் போர்வீரரிடம் இருந்தது அந்தக் குணம்தான். படிக்கிறவர் தானே அதைப் புரிந்துகொள்வார், நீங்கள் அதற்குப் பெயர் வைக்கக்கூடத் தேவையில்லை.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெண்பிள்ளைகளுக்குச் சான்றிதழில் எப்போதும் 'மீக்' என்றே எழுதுவதாகச் சொல்கிறீர்கள். பையன் வந்து கேட்டான், அவர்கள் கேட்கவில்லை. கேட்காததையே அந்தச் சொல்லுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, டீச்சர். ஆங்கிலத்தில் இந்தச் சொல் தொடக்க காலத்திலேயே பெண்களைப் பற்றி வந்தால் 'அடக்கமான' என்று தனிப் பொருள் எடுத்துக்கொண்டது. நம் ஊரில் அடக்கம் என்றால் என்னென்ன எதிர்பார்ப்பு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சண்டையை விலக்கிவிட்டிருப்பாள், ஒருத்தி பக்கத்து இருக்கைக்காரிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள், ஒருத்தி திருத்திய விடைத்தாளில் மதிப்பெண் கூட்டியது தப்பு என்று மரியாதையாக வந்து காட்டியிருப்பாள். எல்லாருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த மூன்று பேரும் மறைந்துபோகிறார்கள். கொடுத்த சான்றிதழ்களைத் தேடித் திருத்த வேண்டாம். வரும் மார்ச்சில் எழுதப்போகிறவற்றில் ஆளுக்கு ஒரு வரி, அவளுக்கு மட்டுமே பொருந்துவதாக, எழுதிப் பாருங்கள். வேலை கூடுதல்தான், உங்களால் முடியும்.

ஞாயிறு பள்ளியில் வேதபாடம் எடுப்பதாக இருந்தால் அங்கே 'மீக்' என்ற சொல்லைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கழுதைமேல் வந்த ராஜாவை உடன் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சரியாகவே பிடித்துக்கொள்வார்கள்.

பரிந்துரைக் கடிதத்தை அனுப்புமுன் ஒன்று செய்யுங்கள். பியூரெட் விஷயத்தை எழுதலாமா என்று பையனிடம் கேட்டுவிடுங்கள். உடைத்த மாணவன் யாரென்று ஊகிக்க முடிகிற எந்தத் தகவலும், வகுப்புப் பிரிவோ தேதியோ கூட, கடிதத்தில் வர வேண்டாம். அதே வகுப்பிலிருந்து அவனும் அதே கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவனாக இருக்கலாம்.